கெட்டிமேளத்துக்கு முதலில் எழுந்தவள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

'இசையை அனுபவிக்கக் காது கேட்டாக வேண்டுமா?' என்பது தலைப்பு. வேண்டியதில்லை என்பது என் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "காது கேளாதவருக்குக் கிடைப்பது வெறும் அதிர்வு. சாலையில் லாரி போனாலும்தான் தரை அதிர்கிறது. அதையும் இசை என்பீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கம்பீரமாகப் போய் உட்கார்ந்தார். கைதட்டலும் பலமாகக் கிடைத்தது. ஐயா, அந்த லாரிச் சத்தம் உங்கள் காதிலும்தான் விழுகிறது. காதில் விழுந்துவிட்டதே என்று அதற்குத் தலையாட்டுகிறீர்களா? காது வழியே வந்தாலும் ஒழுங்கில்லாதது இரைச்சல்தான். அப்படியானால் தோல் வழியே வந்தாலும் ஒழுங்கோடு வருவது இசைதானே? விருந்தாளி முன்வாசலில் வந்தாரா, கொல்லைப்புறமாக வந்தாரா என்று பார்த்தா இலை போடுகிறோம்?

என் சித்தப்பா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. சில வருஷங்களுக்கு முன் சிராங்கூன் சாலையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தவில் பேசப் பேச அந்தப் பாட்டில் அவள் கையில் நடுங்கியது. காது நன்றாகக் கேட்கும் நாங்களெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பந்தியில் பால் பாயசமா, பருப்புப் பாயசமா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். கெட்டிமேளம் தொடங்கியது. அட்சதையோடு முதலில் எழுந்தது அவள்தான்! அவளைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன். எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்டேன். விரல்களாலேயே காட்டினாள்: இதுவரை நடந்துகொண்டிருந்தது, திடீரென்று ஓட ஆரம்பித்தது.

கெட்டிமேளம் எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அபசகுனச் சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக. அதாவது நடுவர் அவர்களே, காதை அடைப்பதற்கென்றே நம் முன்னோர் ஓர் இசை வைத்திருக்கிறார்கள்!

சரி, தோலுக்கு எல்லை இல்லையா? இருக்கிறது. நல்ல இளம் காது நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை பிடிக்கும். தோல் ஏறக்குறைய 1,000 வரைதான் போகும். வயலினின் உச்சஸ்தாயி அங்கே எட்டாது, கமகத்தின் நுணுக்கமும் முழுதாகப் போய்ச் சேராது. இதை மறைத்துவிட்டு நான் ஜெயிக்க வேண்டாம். ஆனால் தாளம் போய்ச் சேர்கிறது. மத்தளம், தவில், உறுமி எல்லாவற்றுக்கும் நம் மொழி வைத்த பெயரே தோற்கருவி. தைப்பூசத்தன்று உறுமி பக்கத்தில் முழங்கும்போது உங்கள் நெஞ்சுக்கூட்டில் ஒன்று புரள்கிறதே, அது காது செய்யும் வேலையா?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா, காது கேளாமல் போன பிறகும் இசை எழுதிய பீத்தோவனை நாங்கள் இழுப்போம் என்று தெரிந்து முன்கூட்டியே மடக்கினார். அவர் காது கேட்ட காலத்து ஞாபகத்தை வைத்து எழுதினார் என்றார். நியாயம்தான், அவரை என் சாட்சியாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிடுவது ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனியை. 12 வயதுக்குள் அவருடைய செவித்திறன் பெரும்பாலும் போய்விட்டது. ஆசிரியர் முரசுகளைச் சுருதி சேர்க்க, அவர் அறைச் சுவரில் கை வைத்துப் பழகினார். தாழ்ந்த ஒலி காலில் தெரியும், உயர்ந்த ஒலி முகத்திலும் கழுத்திலும் தெரியும் என்கிறார். அதனால்தான் மேடையில் செருப்பில்லாமல் நிற்கிறார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசுக் கூட்டத்தோடு முன்னே நின்று வாசித்தவர் அவர்தான்.

"அவரும் 12 வயது வரை கேட்டவர்தானே?" என்று அம்மா எழுந்திருப்பதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன். 2001இல் அமெரிக்காவில் டீன் ஷிபாட்டா என்ற மருத்துவர், காது கேளாதவர்கள் கையில் அதிர்வை உணரும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று படம் பிடித்துப் பார்த்தார். கேட்பவர்களுக்கு ஒலியைக் கவனிக்கும் பகுதி, இவர்களுக்கு அந்த அதிர்வுக்கு விழித்துக்கொண்டது.

"அப்படியானால் எதற்குச் செவிக்குள் கருவி பொருத்திக்கொள்கிறார்கள்?" என்றும் கேட்டார்கள். பேச்சுக்காக. அந்தக் கருவியில் அதிகம் போனால் இருபது சொச்சம் மின்முனைகள். நம் உட்செவியிலோ ஒலியை மூளைக்கு அனுப்பும் உள்வரிசை மயிர்ச்செல்கள் மட்டுமே சுமார் 3,500. பொருத்திக்கொண்டவர்களில் பலருக்குப் பேச்சு புரிகிறது, தாளம் பிடிபடுகிறது, ராகம்தான் குழம்புகிறது. காது கிடைத்தும் இசை முழுதாக வந்து சேரவில்லை என்றால், காதுதான் இசை என்று எதிரணி எப்படிச் சாதிக்கும்?

கடைசியாக வள்ளுவர். "செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்" என்று எதிரணி முழங்கியது. அதே அதிகாரத்தில் ஏழு குறள் தள்ளிப் படிக்கவில்லை போலும்.

கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால்
தோட்கப் படாத செவி.

கேள்வியால் துளைக்கப்படாத காது, கேட்டாலும் செவிட்டுக் காதுதான். வள்ளுவருக்கே காது வேறு, கேட்பது வேறு. பாயசக் கதையில் அந்தச் செவி யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். 1824 மே 7ஆம் தேதி வியன்னாவில் ஒன்பதாவது சிம்பொனி முடிந்தபோது, கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்ற பீத்தோவனைப் பாடகி ஒருவர் திருப்பி நிறுத்தினாராம். அவர் கண்ணில் படட்டும் என்று கூட்டம் கைக்குட்டைகளை வீசிக் காட்டியதாம். நான் சொன்ன தங்கை இதோ மூன்றாவது வரிசையில், சைகைமொழி பெயர்ப்பாளருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கைதட்ட நினைப்பவர்கள் தட்ட வேண்டாம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரலை விரித்து ஆட்டுங்கள். எதிரணியும்தான். ஐயா, நீங்களும் மணியை வைத்துவிட்டு…