டெஸ்க்டாப்பில் ராம் கூட்டுவது எப்படி? வாங்கும் முன்பே பாதி வேலை முடிய வேண்டும்

[காட்சி: மேசைமேல் பக்கக் கதவு திறந்த கேபினெட். அருகில் உறை பிரிக்காத ராம் ஸ்டிக்.]

வணக்கம். டெஸ்க்டாப்பில் ராம், அதாவது ஓடும் புரோகிராம்களின் தற்காலிக நினைவகம், போடுவது ஐந்து நிமிட வேலை. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்டிக்கை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினால் முடிந்தது. சொதப்பல் எல்லாம் அதற்கு முன்னால்தான் நடக்கிறது. தேவையே இல்லாமல் வாங்குவது, தப்பான வகையை வாங்குவது, ஏற்கெனவே உள்ளதோடு ஒத்துப்போகாததை வாங்குவது. அதனால் இந்த வீடியோவில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். ஸ்டிக் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் பின்பாதிக்குத் தாவிவிடுங்கள். இன்னும் ஆர்டர் போடவில்லை என்றால் இங்கிருந்தே பாருங்கள்.

முதல் கேள்வி, உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் ராம்தானா?

[திரைப்பதிவு: டாஸ்க் மேனேஜர் திறக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி.]

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. இதைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள். பிரவுசரில் எத்தனை டேப் திறப்பீர்களோ அத்தனையும் திறங்கள். பக்கத்திலேயே எக்செல், போட்டோ எடிட்டர், எது உண்டோ அதுவும் ஓடட்டும்.

60, 70 சதவீதம் காட்டினால் பதற வேண்டாம். விண்டோஸ் நிறைய ராம் இருந்தால் நிறையவே எடுத்துக்கொள்ளும். 90-ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது, ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது திரை ஒரு கணம் உறைகிறது, அந்த நேரம் பார்த்து டிஸ்க் பயன்பாடு எகிறுகிறது என்றால் அதுதான் அறிகுறி. ராமில் இடம் போதாமல், கொஞ்ச நேரமாகத் தொடாத தகவலை விண்டோஸ் டிஸ்கில் தள்ளி வைக்கிறது. நீங்கள் திரும்பிப் போகும்போது அதை மறுபடி எடுத்து வருகிறது. அந்தக் காத்திருப்பைத்தான் நீங்கள் "ஹேங் ஆகிறது" என்கிறீர்கள்.

மெமரி பாதிதான் நிறைந்திருக்கிறது, சிபியு, அதாவது பிராசசர், 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் எத்தனை ராம் போட்டாலும் பயனில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது என்றால், அந்தக் காசுக்கு முதலில் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், வாங்குங்கள். வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ராமை அப்புறம் பார்க்கலாம்.

எவ்வளவு வேண்டும்? விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது ஓடுவதற்கான அளவு, உட்கார்ந்து வேலை செய்வதற்கானது அல்ல. என் கணக்கில் பிரவுசர், ஆபீஸ் வேலை, வீடியோ பார்ப்பது, கொஞ்சம் கேம் என்றால் 16 ஜிபி நிம்மதி. வீடியோ எடிட்டிங், வர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது) என்று போனால் 32. அதற்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். 32 பிட் விண்டோஸ் வைத்திருந்தால் மட்டும் ஒரு தடை உண்டு. அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. முதலில் 64 பிட்டுக்கு மாறவேண்டும்.

[காட்சி: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஸ்டிக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. அடியில் உள்ள வெட்டுகளைச் சிவப்புக் கோடு காட்டுகிறது.]

இனி வகை. டிடிஆர்3, 4, 5 என்பவை ராமின் அடுத்தடுத்த தலைமுறைகள். மூன்று ஸ்டிக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறேன். நீளம் ஒன்றுதான். தங்க நிறப் பற்களுக்கு நடுவே இருக்கும் வெட்டை மட்டும் பாருங்கள். மூன்றிலும் மூன்று இடத்தில் இருக்கிறது. டிடிஆர்3-க்கு 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288. பின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மாற்றிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். வெட்டு இடம் மாறியிருப்பதே அப்படிப் போடாமல் தடுக்கத்தான். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1.

எதைப் போடுவது என்பதில் நமக்கு விருப்பம் எதுவும் கிடையாது. மதர்போர்டு, அதாவது பிராசசரும் ராமும் உட்காரும் பெரிய போர்டு, எதைக் கேட்கிறதோ அதுதான். ஏஎம்டியின் ரைசன் பிராசசர், அது உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4. ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். குழப்பம் வருவது இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளில். அந்த பிராசசர்கள் இரண்டு வகையையும் ஏற்கும், ஆனால் ஒவ்வொரு மதர்போர்டும் பெரும்பாலும் ஒரு வகைக்கு மட்டுமே செய்யப்பட்டிருக்கும். ஆகவே "எனக்கு ஐ5, 12-ஆம் தலைமுறை" என்று மட்டும் சொல்லி ராம் வாங்கக் கூடாது. மதர்போர்டின் மாடல் பெயர் தெரிய வேண்டும்.

அது தெரியவில்லையா? சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் மெயின்போர்டு பக்கத்தில் மாடல், மெமரி பக்கத்தில் வகை, எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்டிக்கின் தயாரிப்பாளர், பார்ட் நம்பர் எல்லாம் வரும். ஆனால் மெமரி பக்கத்தில் வேகம் 1600 என்று இருந்தால், 3200 என்று விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இருமுறை தகவல் அனுப்புவதுதான் டிடிஆர். 1600 மெகாஹெர்ட்ஸ் ஓடினால் நொடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம். இரண்டும் ஒரே ஸ்டிக்.

[நெருக்கக் காட்சி: பழைய ஸ்டிக்கின் மேல் ஒட்டிய வெள்ளை லேபிள்.]

பழைய ஸ்டிக்கைக் கழற்றிப் பார்க்க முடிந்தால் லேபிளே எல்லாவற்றையும் சொல்லும். இதில் என்ன எழுதியிருக்கிறது? "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-யுஏ2". பிசி4 என்றால் டிடிஆர்4. அடுத்து 3200, வேகம். அதற்குப் பின் கோடு தாண்டி வரும் முதல் எழுத்தைப் பாருங்கள். யு என்றால் சாதாரண டெஸ்க்டாப் ஸ்டிக். எஸ் என்றால் லேப்டாப்புக்கான குட்டை ஸ்டிக், ஆர் என்றால் சர்வர் ராம். பயன்படுத்திய பொருள் வாங்குபவர்கள் இந்த ஆர் விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். சர்வரிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ஸ்டிக் கொள்ளை மலிவாகக் கிடைக்கும், ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், கணினி மட்டும் ஆன் ஆகாது. இன்னொரு பக்கம், கையகல மினி கணினிகள் பலவும் டெஸ்க்டாப் என்ற பெயரில் விற்றாலும் உள்ளே லேப்டாப் ஸ்டிக்தான் போடும்.

வேகத்தைப் பற்றி. பெட்டியில் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள், பக்கத்தில் சிஎல் என்று சின்ன எண் இருக்கும். அந்தச் சின்ன எண், பிராசசர் கேட்டதிலிருந்து தகவல் வரத் தொடங்கும் வரையான தாமதம், கடிகாரத் துடிப்புக் கணக்கில். நேரமாக மாற்ற, சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுக்கவும். டிடிஆர்4 3200, சிஎல் 16 என்றால் 10 நானோநொடி. டிடிஆர்5 6000, சிஎல் 30? அதுவும் 10 நானோநொடிதான். தாமதம் அப்படியே நிற்கிறது, ஒரே நேரத்தில் கடத்தும் அளவுதான் கூடியிருக்கிறது. அன்றாட வேலைக்கு 3200-க்கும் 3600-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாது. அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசை அளவில் போடுங்கள்.

உண்மையில் வித்தியாசம் காட்டுவது டூயல் சேனல். பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே சாதாரண டெஸ்க்டாப்பில் இரண்டு பாதை உண்டு. ஒரே ஒரு ஸ்டிக் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் இதை இன்னும் அழுத்தமாகக் கவனிக்கவேண்டும், ஏனென்றால் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே ஒரு 16-ஐ விட இரண்டு 8 மேல்.

ஏற்கெனவே ஒரு 8 இருக்கிறது, இன்னொரு 8 சேர்க்கலாமா? டிடிஆர்4 என்றால் தாராளமாக. முடிந்தவரை அதே பார்ட் நம்பரைத் தேடுங்கள். வேறு வேகத்தில் கிடைத்தாலும் இரண்டும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கி ஓடும். பழைய 8-ஓடு புதிய 16 போட்டால்கூடப் பெரும்பாலான போர்டுகளில் 16 ஜிபி வரை டூயல் சேனலாகவும், மிச்ச 8 ஒற்றைப் பாதையிலும் ஓடும். டிடிஆர்5-ல் நான் இப்படிக் கலக்க மாட்டேன். இரண்டு ஸ்டிக் சேர்ந்து ஒரே பெட்டியில் வரும் கிட்டை வாங்கிப் பழையதை விற்றுவிடுவேன். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசையும் டிடிஆர்5-ல் வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரப்பூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. இவ்வளவு இறங்கும் என்று பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

ஆர்டர் போடும் முன் கடைசியாக, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான மெமரி பட்டியலை ஒருமுறை பாருங்கள். பட்டியலில் இல்லாதது ஓடாது என்று அர்த்தமில்லை; இருப்பதை அவர்கள் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிராசசரைக் குளிர்விக்கப் பெரிய டவர் கூலர் வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கின் உயரத்தையும் பார்க்கவேண்டும். ஸ்டிக்கின் மேல் உள்ள உயரமான ஹீட்சிங்க் (வெப்பம் தணிக்கும் உலோகத் தகடு) கூலரில் இடிக்கும்.

[காட்சி: கணினியின் பின்புறம். பவர் கேபிள் கழற்றப்படுகிறது.]

சரி, இப்போது ஸ்க்ரூடிரைவர். ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப் போதாது. ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்னஞ்சிறு கெப்பாசிட்டரில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசித்த அமைப்பு, இன்றும் அடிப்படை அதேதான். அதனால் ஸ்லீப்பில் இருக்கும்போதும் ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஷட் டவுன் ஆனதும் பின்னால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு, முன்னால் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் போகும். கார்ப்பெட் மேல் நின்று செய்யாதீர்கள்.

[நெருக்கக் காட்சி: நான்கு ராம் ஸ்லாட்டுகள். பிராசசர் பக்கத்திலிருந்து விரல் எண்ணுகிறது.]

நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ஸ்டிக் போடுகிறீர்கள் என்றால், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. பெரும்பாலான போர்டுகளில் ஏ2, பி2 என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று போட்டால் இரண்டும் ஒரே பாதையில் போய் உட்காரும், டூயல் சேனல் போச்சு.

கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளுங்கள். சில போர்டுகளில் ஒரு முனையில்தான் கிளிப் இருக்கும், மறுமுனை அசையாது. அதை நெம்பி உடைக்காதீர்கள். ஸ்டிக்கை ஓரங்களில் பிடித்து, பற்களைத் தொடாமல், வெட்டை ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு நேராக வையுங்கள். நேராக வரவில்லை என்றால் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் இரு முனைகளில் வைத்து, நேர் கீழே அழுத்துங்கள்.

முதல் முறை செய்பவர்கள் தயங்குவது இங்கேதான். நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவை. போர்டு லேசாக வளைவதுபோல் தெரியும், பயப்பட வேண்டாம். இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

[ஒலி: "டக்". கிளிப் தானாக மூடுகிறது. சற்றுக் கழித்து இன்னொரு "டக்".]

கிளிப்பை நீங்கள் விரலால் மூடக் கூடாது. ஸ்டிக் முழுதாக இறங்கினால் அதுவே மூடிக்கொள்ளும். பிறகு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தங்க நிறக் கோடு ஒரு முனையில் தெரிந்து மறுமுனையில் மறைந்திருந்தால், ஒரு பக்கம் இன்னும் இறங்கவில்லை.

[காட்சி: கேபிள் மாட்டப்படுகிறது. மானிட்டர் கறுப்பு.]

கேபிளை மாட்டி ஆன் செய்யுங்கள். திரை கறுப்பாகவே இருக்கிறதா? கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். புதிய ராமைப் பார்த்ததும் போர்டு அதோடு பேசும் நேரக்கணக்குகளைச் சரிசெய்துகொள்ளும். டிடிஆர்5-ல் முதல் தடவை இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். நடுவில் பவரை அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும்.

பத்து நிமிடம் தாண்டியும் வரவில்லையா? அணைத்துவிட்டு, கேபிளை மறுபடி பிடுங்கி, ஸ்டிக்கைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். முக்கால்வாசி கேஸ் இதிலேயே தீர்ந்துவிடும். பழைய ஸ்டிக் என்றால் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை முழுதாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம், வேலை செய்யும். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரே ஒரு ஸ்டிக்கோடு ஆன் செய்து, எது தகராறு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள், பழைய பதிப்பாக இருந்தாலும் புதிய ஸ்டிக்கை ஏற்காமல் போகலாம்.

திரை வந்துவிட்டதா? டாஸ்க் மேனேஜரில் அளவு சரியாக இருக்கிறதா பாருங்கள். வேகம் பெட்டியில் போட்டதைவிடக் குறைவாகக் காட்டும்: 3600 என்று வாங்கியது 2400 என்றோ, 6000 என்று வாங்கிய டிடிஆர்5 4800 என்றோ. பயாஸுக்குள் போய் இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி டிடிஆர்5 போர்டில் எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்தால்தான் விளம்பர வேகம் கிடைக்கும். வாங்கி ஆண்டுக்கணக்காக இதை ஆன் செய்யாமலே ஓட்டுபவர்கள் ஏராளம். ஆன் செய்த பிறகு கணினி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனால் மறுபடி அணைத்துவிடுங்கள், கலந்து போட்ட ஸ்டிக்குகளில் இது சகஜம்.

[திரைப்பதிவு: மெம்டெஸ்ட்86 ஓடுகிறது.]

அன்றிரவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் ஸ்டிக்கை மாற்றித்தான் ஆகவேண்டும். கோளாறான ராம் சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும், அதை "பார்க்கலாம்" என்று விட்டுவைக்க முடியாது. கிட்டாக வாங்கியிருந்தால் ஒன்று பழுதானாலும் பல நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்கின்றன. அதனால் சோதனை முடியும் வரை பெட்டி, பில், பழைய ஸ்டிக் மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.