வாசிகசாலைக்கு ஒரு தராசு
(மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலையில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, பிரதம அதிதி வைத்தியர் அவர்களே, வெயிலையும் பாராமல் வாவி கடந்து வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஆலய பரிபாலன சபையாரே, மாதர் சங்கத் தாய்மாரே, பெயர் விடுபட்ட பெரியோரே (போன முறை ஒருவர் கோபித்துத் தேநீரே குடிக்கவில்லை), வணக்கம்.

இதயத்தில் பைபாஸ் செய்த பிறகும் வால்வு ஒழுகுகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: குளிசை, உப்பு, தராசு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எனக்குப் பிடித்த பழமொழி, என் நெஞ்சுக்குத்தான் ஒத்துவரவில்லை.

பைபாஸ் செய்வது இதய இரத்தக் குழாயின் அடைப்புக்கு. வால்வு வேறு கதை. மாரடைப்பில் இதயச் சுவர் பழுதாகி அறை விரிந்தால், இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவாய் இருக்கும் மைட்ரல் வால்வின் இரண்டு இதழும் இழுபட்டுப் பொருந்தாமல் நிற்கும். இரத்தம் பின்னுக்கு ஒழுகும். அதை அடைக்கக் குளிசை இல்லை. எனலாப்ரில், பிசோப்ரோலோல் போன்றவை பலவீனமான இதயத்தின் பாரத்தைக் குறைக்கும். சிலருக்கு ஒழுகலும் குறையும். பியூரோசமைட், அதுதான் நம்மட தண்ணிக் குளிசை, தேங்கிய நீரைச் சலமாய் இறக்கும். யாருக்கு மறுபடி சத்திரசிகிச்சை என்பதைப் பிரதம அதிதி சொல்லுவார்.

தண்ணிக் குளிசையில்தான் என் மாமா மாட்டினார். மண்டூரில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்), குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து மட்டக்களப்புக் கிளினிக்குக்குப் போகவேண்டும். "பாதையில ஒண்டுக்குப் போக ஏலுமா மனே?" என்று அன்று குளிசையை விட்டார். திரும்பி வந்து போடலாமா என்று வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். பிறகு கல்யாண வீட்டுக்கு விட்டார், திருவிழாவுக்கு விட்டார். ஒருநாள் செருப்பு வார் காலில் ஏறவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கதிரையிலேயே நித்திரை. நெல் மில்லுக்குக் கூட்டிப்போனேன். மில்லுக்காரர் மூடையை இறக்கி மாமாவை ஏற்றினார். கிளினிக் கொப்பியில் இருந்ததைவிட நாலு கிலோ கூட! "சாப்பாடு ஒட்டியிருக்கு" என்று சிரித்தார். ஒட்டியது நீர். அன்றிரவே ஆஸ்பத்திரி வாட்டு.

வாட்டில் கஞ்சியைப் பார்த்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றார். கருவாட்டுக் குழம்பு வைத்தே பழகிய மாமி, "உப்புத் திண்ட ஆள் வாட்டிலே" என்றா.

காலையில் சலம் கழித்து, சாப்பிடுமுன் நிறுக்கவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் வைத்தியரிடம் போய்விடவேண்டும். ஆனால் வீட்டில் தராசு எத்தனை பேரிடம் உண்டு? அதனால்தான் இரண்டு வருடமாய்க் கத்துகிறேன், ஒவ்வொரு வாசிகசாலைக்கும் ஒரு தராசு.

உப்பு உடம்பில் நீரைத் தேக்கும் கதையை விரிவாகப் பேச இருந்தேன், தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். செயலாளர் அவர்களே, பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது. சீமெந்துத் தரை, சமமாகத்தான் இருக்கிறது, நானே பார்த்துவிட்டேன்.