பாலத்தைத் தாண்டினால் குற்றவாளி: அமெரிக்காவில் மாகாணத்துக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம்

(திரையில்: டெலவேர் ஆறு, அதன் மேல் ஒரு பாலம்)

வணக்கம். பாலத்துக்கு இந்தக் கரை பிலடெல்பியா, பென்சில்வேனியா மாகாணம். அந்தக் கரை நியூ ஜெர்சி. 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், தன் துப்பாக்கியோடு நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனார். முறையாக வாங்கிய துப்பாக்கி. மறைத்து எடுத்துச் செல்ல பென்சில்வேனியா கொடுத்த உரிமமும் இருந்தது. போலீஸ் காரை நிறுத்தியதும் ‘துப்பாக்கி வைத்திருக்கிறேன்’ என்று அவரே சொல்லிவிட்டார். உடனே கைது. நியூ ஜெர்சி சட்டப்படி, குறைந்தது மூன்றரை ஆண்டு பரோல் இல்லாத சிறை கிடைக்கக்கூடிய வழக்கு அது. பெரிய சர்ச்சையாகி, 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் விஷயம் முடிந்தது.

அமெரிக்காவில் ஒரு மாகாணத்து டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாகாணத்திலும் செல்லும். துப்பாக்கி உரிமம் அப்படி இல்லை. யாருடைய உரிமத்தை ஏற்பது, யாருடையதை ஏற்க மறுப்பது என்று ஒவ்வொரு மாகாணமும் தானே முடிவு செய்கிறது. நியூ ஜெர்சி யாருடையதையும் ஏற்பதில்லை.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். கடையில் வாங்கினால் நாடு முழுக்க ஒரே அடிப்படை விதி: 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கைத்துப்பாக்கிக்கு 21 வயது, ரைஃபிளுக்கு 18. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய துப்பாக்கியை உங்களுக்கு விற்றால்? மத்தியச் சட்டம் அதற்குச் சோதனை கேட்பதில்லை. டெக்சாஸும் கேட்பதில்லை. கலிபோர்னியாவில் நண்பர்களுக்குள் விற்றாலும் கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும், பத்து நாள் காத்திருக்கவும் வேண்டும். இல்லினாய்ஸில் வெறும் தோட்டா வைத்திருக்கக்கூட அடையாள அட்டை வாங்கியாக வேண்டும்.

நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வேடிக்கைதான், ஆனால் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது.

(திரையில்: வெர்மான்ட் மலைகள்)

சரி, இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது? ‘இடதுசாரி மாகாணம் என்றால் கெடுபிடி’ என்று நினைத்தால் வெர்மான்ட் அதைப் பொய்யாக்கும். இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் மாகாணம். அங்கே இதற்கு உரிமம் என்ற ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை. அலாஸ்கா 2003-லும் அரிசோனா 2010-லும் இந்த வழிக்கு வந்தன. டெக்சாஸ் வந்தது 2021-ல்தான். 2024-ல் லூசியானாவும் சேர, எண்ணிக்கை 29 ஆனது.

டெக்சாஸின் பழைய கதை இன்னும் விசித்திரம். தோளில் ரைஃபிளை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க உரிமம் தேவைப்படவில்லை. கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைக்க 2016 வரை அனுமதியே இல்லை. இன்றைக்கும் அங்கே ஓட்டல் வாசலில் ‘30.06’, ‘30.07’ என்ற பலகைகளைப் பார்க்கலாம். உரிமம் வைத்திருப்பவர் ஆயுதத்தோடு உள்ளே வரக் கூடாது என்று சொல்பவை. முதலாவது மறைத்து வைத்திருப்பவருக்கு, இரண்டாவது வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுத வேண்டும் என்பதுவரை சட்டத்தில் இருக்கிறது.

நியூயார்க் நேர் எதிர். 1911-ல் வந்த சல்லிவன் சட்டத்தின் வழியில், ‘உனக்கு மட்டும் என்ன அப்படியொரு அவசியம்?’ என்ற கேள்விக்குத் தகுந்த பதில் சொன்னால்தான் உரிமம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. நியூயார்க் சும்மா இருக்கவில்லை. சில நாட்களுக்குள் புதுச் சட்டம் கொண்டுவந்தது: 16 மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேரம் சுட்டுப் பயிற்சி. அதெல்லாம் முடித்து உரிமம் வாங்கினாலும் டைம்ஸ் ஸ்கொயருக்குள்ளோ சுரங்க ரயிலிலோ எடுத்துப் போகக் கூடாது. உரிமம் கொடுத்தாயிற்று, போகும் இடத்தைப் பூட்டியாயிற்று என்றுதான் எனக்குப் படுகிறது.

(திரையில்: விமான நிலையம்)

அப்படியானால் கெடுபிடியான மாகாணத்தைக் கடந்து போவதே முடியாதா? முடியும். 1986-ல் வந்த மத்தியச் சட்டம் வழி தருகிறது: கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், தோட்டாவை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் 2005-ல் யூட்டாவிலிருந்து வந்த ஒரு பயணிக்கு நியூ ஜெர்சியின் நெவார்க்கில் அடுத்த விமானம் தவறிவிட்டது. துப்பாக்கி இருந்த பெட்டியோடு ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதைச் சொன்னதும் கைது. வழக்கைப் பின்னர் கைவிட்டார்கள். தன்னைக் கைது செய்தது தவறு என்று அவர் தொடுத்த வழக்கில், 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: ஓட்டலில் இருந்த நேரத்தில் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததாம்.