மின்னா பிளஃப்: மலை நிக்குது, பனி நடக்குது

வணக்கம் மக்களே. ஸ்கிரீனைப் பாருங்க. வெள்ளை வெளேர்னு கிடக்குற பனிக்குள்ள ஒரு மலை கையை நீட்டுன மாதிரி இருக்குல்ல? இதுதான் அண்டார்டிகாவுல இருக்குற மின்னா பிளஃப். நம்ம ஊர்ல பிளஃப் விடுறதுன்னா புளுகுறது. இது அது இல்லீங்க, செங்குத்தா எழும்பி நிக்கிற மலைமுனை. டிஸ்கவரி மலையில தொடங்கி சுமார் 46 கிலோமீட்டர் தென்கிழக்கா ராஸ் பனித்தட்டுக்குள்ள, அதாவது கடல் மேல மிதக்குற பெரிய பனிப்பலகைக்குள்ள போகுது. அகலம் அஞ்சாறு கிலோமீட்டர்தான். பனிக்கு அடியில எல்லாம் எரிமலைப் பாறை.

பேரு? பிரிட்டிஷ்காரர் ஸ்காட், டிஸ்கவரிங்கிற கப்பல்ல அண்டார்டிகாவை ஆராயப் போன பயணத்துல வெச்சது. அந்தப் பயணத்துக்காக ஓடியாடி நின்னவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம், அவர் மனைவி பேருதான் மின்னா. அந்தம்மா இந்தப் பக்கமே வந்ததில்ல. அட, நம்ம நீலகிரிக்கு 1860ல பெருவிலிருந்து சிங்கோனா கன்று கொண்டாந்தாரே, அதே மார்க்கம்தாங்க!

சரி, எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். 1902ல ஸ்காட் குழு பிளஃப் பக்கத்துல பனி மேல சாப்பாட்டு மூட்டைகளை வெச்சுட்டுப் போனாங்க. இடம் மறக்காம இருக்க ஒரு குறி வேணுமே? பிளஃப்ல இருக்குற ஒரு சின்ன முகடும், பின்னாடி டிஸ்கவரி மலையும் ஒரே நேர்கோட்டுல தெரியுற இடமாப் பார்த்து வெச்சாங்க. இங்க பாருங்க, முன்னாடி டம்ளர், பின்னாடி சொம்பு. இப்போ ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு. கேமராவைக் கொஞ்சூண்டு தள்ளுறேன்... சொம்பு எட்டிப் பார்க்குதா? அடுத்த வருஷம் அதே குழுவுல இருந்த மைக்கேல் பார்ன் போய்ப் பார்த்தப்போ இதேதான்! மூட்டை இருக்கு, நேர்கோடு இல்ல. மலையா நகரும்? மூட்டையைச் சுமந்துக்கிட்டுப் பனித்தட்டே நகர்ந்திருக்கு. பதிமூன்றரை மாசத்துல 608 கெஜம், அதாவது 550 மீட்டருக்கு மேல!

அப்புறமும் இந்த இடத்தை யாரும் விடல. 1909ல இன்னொரு பயணத்துக்குத் தலைவரா வந்த ஷாக்கிள்டன் தென் துருவத்தைத் தொடாமலே, பசியில துவண்டு திரும்புறார். அவருக்காக அவரோட ஆள் ஜாய்ஸ் குழு பிளஃப் பக்கம் புதுசா சாப்பாடு வெச்சிருந்தாங்க. பிப்ரவரி 23, தூரத்துல பிஸ்கட் டின்னுல வெயில் பட்டுப் பளிச்சுனு ஒரு மின்னல். போய்ப் பிரிச்சா பிளம்ஸ், முட்டை, கேக், வேகவெச்ச ஆட்டுக்கறி!