சிகிச்சை கொடுத்தால் திருந்துவார்களா?

(திரையில்: மட்டக்களப்பு நகரம், வாவிக்கரை வீதி. குரல் மட்டும்.)

வணக்கம். சிறுமி ஒருத்தி வன்புணரப்பட்ட வழக்கில் தீர்ப்பு வந்த அன்று பின்னேரம் எந்தத் தேத்தண்ணிக் கடையில் நின்றாலும் ஒரே கதைதான்: "இவனுகளை வெளியிலேயே விடக் கூடாது." கோபம் நியாயம்தான். ஆனால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் வன்புணர்வுக்கு அதிகபட்சம் 20 வருடச் சிறை. முப்பது வயதில் மறியலுக்குப் போகிறவர் ஐம்பதில் அதே ஒழுங்கைக்குத் திரும்பி வருவார். அந்த இருபது வருடத்துக்குள் அவரை என்ன செய்வது? சும்மா அடைத்து வைப்பதா, சிகிச்சை கொடுப்பதா?

இங்கிலாந்தும் வேல்ஸும் சிகிச்சை கொடுத்தன. 1990களின் தொடக்கத்தில் சிறைகளுக்குள் பாலியல் குற்றவாளிகளுக்கென்று பெரிய திட்டம் ஒன்று ஆரம்பமானது. சிறு குழுவாகக் கைதிகளை ஓர் அறையில் இருத்துவார்கள். ஒவ்வொருவரும் தான் செய்ததை மற்றவர்கள் முன்னால் விவரமாகச் சொல்ல வேண்டும். பிறகு பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தன்னை வைத்துப் பேச வேண்டும். குழுவை நடத்தியவர்களில் பலர் உளவியலாளர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சிறை ஊழியர்கள்.

கேட்க நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கிறது. 2017இல் பிரித்தானிய நீதி அமைச்சின் ஆய்வு வெளிவந்தது. 2000க்கும் 2012க்கும் இடையில் இந்தத் திட்டத்தில் சேர்ந்த 2,562 ஆண்களை, இதற்குப் போகாத 13,000க்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள்.

(திரையில் இரண்டு எண்கள்: 10, 8)

சராசரியாக எட்டு வருடத்துக்குப் பிறகு, சிகிச்சை பெறாதவர்களில் 8 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம். ஓம், கூடத்தான், குறையவில்லை. அந்த வருடமே திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி? அடுத்தவன் கதையைக் கேட்கக் கேட்க "நான் மட்டும் இல்லை" என்று மனம் ஆறிப்போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்னொன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. கனடாவின் உளவியல் ஆய்வாளர் கார்ல் ஹான்சன் போன்றவர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குற்றத்தை மறுப்பதற்கும் இரக்கம் காட்டாததற்கும் மறுபடி குற்றம் செய்வதோடு பெரிய தொடர்பு தெரியவில்லை. பிறழ்ந்த பாலியல் நாட்டமும், எந்த நேரமும் அதே நினைப்பும், சட்டத்தை மதிக்காத வாழ்க்கை முறையும்தான் ஆபத்தைக் கூட்டுகின்றன. அப்படியென்றால் வருடக்கணக்காக அழவைத்ததும் மன்னிப்புக் கேட்கவைத்ததும் நம்முடைய திருப்திக்காகவா?

எல்லாச் சிகிச்சையும் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. 2019இல் பிரித்தானிய உளவியலாளர் தெரேசா கேனனின் குழு 70 ஆய்வுகளைத் தொகுத்தது. பாலியல் குற்றவாளிகளுக்கான திட்டங்களில் சிகிச்சை பெற்றவர்களில் 9.5 சதவீதமும், பெறாதவர்களில் 14.1 சதவீதமும் திரும்பக் குற்றம் செய்திருந்தார்கள். தகுதியான உளவியலாளர் தொடர்ந்து கூட இருந்த இடங்களில் பலன் அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த எண்கள் பொதுவாக அகப்பட்டவர்களின் கணக்கு. பொலிசுக்கே போகாத சம்பவம் எந்த ஆய்விலும் ஏறாது.

சரி, இது நியாயமா? "வகுப்புக்கு வந்தால் சீக்கிரம் விடுதலை" என்று சொன்னால் அந்தச் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம்? சில நாடுகளில் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்தும் உண்டு. அது எலும்பைப் பலவீனமாக்கக் கூடியது. மருத்துவர் அதை நோயாளிக்குக் கொடுக்கிறாரா, நீதிமன்றத்துக்காகக் கொடுக்கிறாரா என்ற கேள்வி லேசானதல்ல. என் கருத்து: விரும்பிக் கேட்டால் கொடுக்கலாம், தண்டனையாகக் கூடாது. அதே போல, சிகிச்சையைக் காட்டித் தண்டனையைக் குறைக்கவும் கூடாது.

இந்தப் பக்கம் யோசித்தால் இன்னொரு சிக்கல். இது முழுக்கக் கதைத்துச் செய்கிற சிகிச்சை. மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ உள்ளவருக்குத் தமிழில்தான் செய்ய வேண்டும், அதற்குத் தமிழ் தெரிந்த உளவியலாளர் வேண்டும். அப்புறம், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு வாங்கில் யார் இருக்கிறார் என்று பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் இடம் இது.

கனடாவின் ஹமில்டனில் 1994இல் மெனனைட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர் ஒருவர் வேறொரு வழியைத் தொடங்கினார். விடுதலையான ஒருவரைச் சுற்றி நாலைந்து தொண்டர்கள். வாராவாரம் சந்திப்பார்கள், வேலை தேட உதவுவார்கள், எங்கே போனாய் யாரோடு போனாய் என்றும் கேட்பார்கள். கேட்டால் நம்மூர்க் கோயில் நிர்வாக சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை மாதிரி இருக்கும். வித்தியாசம் பெரிது. அந்தத் தொண்டர்கள் ஆபத்து என்று கண்டால் அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுவார்கள். நம்மூரில் பெரியவர்கள் கூடினால் "பிள்ளையின்ட எதிர்காலம் பாழாப் போயிரும், உள்ளுக்குள்ள முடிச்சிருவம்" என்பார்கள். காசு கைமாறும், முறைப்பாடு வாபஸாகும். அப்படித் தப்பிய ஆள் சிறைக்கும் போகவில்லை, சிகிச்சைக்கும் போகவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவரைப் பற்றி யாரும் எச்சரிக்கவும் இல்லை.

(திரையில்: 1929)

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் இது, தமிழிலும் பேசலாம். பெரியவர்கள் கூடுவதற்கு முன்பே எடுங்கள்.