கொதிக்க வைத்தாலும் போகாது

நேயர்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையை நம் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை. 1990களின் நடுவில் மூடிவிட்டார்கள். ஆனால் 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு அங்கேயே குவிந்து நின்றது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்று வெளியானபோது, அதில் ராணிப்பேட்டையும் இருந்தது.

அந்தக் கழிவில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் நச்சு வடிவம். இது தண்ணீரில் எளிதில் கரையும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து, கீழே இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும்.

ஒரு அம்மா என்னிடம் வந்தார். வீட்டில் எல்லோருக்கும் அடிக்கடி வயிற்றுக் கோளாறு, பையனுக்குத் தோலில் அரிப்பு. கிணற்றுத் தண்ணீர் லேசான மஞ்சளாக வருகிறது என்றார். "ஆனா டாக்டர், நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையில் நியாயம் இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவர்களே நாங்கள்தானே! கிருமிக்கு அது சரி. உலோகத்துக்கு உதவாது. உப்புப் போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டால் கரிப்பு ஏறத்தானே செய்யும்? குரோமியமும் அப்படித்தான்: தண்ணீர் ஆவியாகும், அது பாத்திரத்தில் தங்கும். இதை எங்கே பேசினாலும் சொல்கிறேன், இங்கேயும் திரும்பச் சொல்கிறேன்: கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது.

அதேபோல, தெளிவாக இருக்கிறதே என்றும் நம்பாதீர்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மஞ்சள் கண்ணுக்குத் தெரியும்போது அந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும். நிறம் இல்லாத தண்ணீரிலும் கூடுதலாக இருக்கலாம்.

சரி, உடம்புக்கு என்ன செய்யும்? குரோமேட் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தோலில் ஆறாத புண்கள் வந்தன, மூக்கின் நடுத்தண்டு ஓட்டையானது, தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வந்தது. பக்கத்தில் குடியிருப்பவர் உடம்பில் குரோமியம் அந்த அளவில் சேராது. ஆனால் குழந்தையிலிருந்தே, இரவும் பகலும் சேரும். அரிப்பு, வயிற்றுவலி என்று பார்த்தால் எல்லா ஊரிலும் வருகிற நோய்கள்தான். அதனால்தான் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும் மருத்துவர், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்பதில்லை. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வீடு எங்கே, கிணறு எது, எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிச் சேர்ந்தால்தான் நாளைக்கு ஒரு தெருவுக்கே இது வந்திருக்கிறது என்று காட்ட முடியும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மண்ணைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். கழிவு மேட்டிலிருந்து மண் எடுத்து வீட்டுப் பள்ளத்தை நிரப்பாதீர்கள், பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள். அப்புறம், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வழக்கமான சோதனையில் அது இருக்காது. வணக்கம்.