முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கும் விளையாட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ கேமை யாராவது உங்களுக்குச் சிபாரிசு செய்தால், கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும். "ஆரம்பம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கோ. அப்புறம் பாரு, கதை எங்கேயோ போயிடும்." அந்தக் 'கொஞ்சம்' சில விளையாட்டுகளில் பல பத்து மணி நேரம். ஒரு நாவலை இப்படிச் சிபாரிசு செய்தால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். கேமர்களோ சொல்கிறார்கள், கேட்பவர்களும் நம்பி உட்காருகிறார்கள். பல நேரம் அந்த வாக்கு பலிக்கவும் செய்கிறது. ஏன் பலிக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதையின் முக்கியமான முடிச்சுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது. ஃபைனல் ஃபேன்டஸி 14, வார்ஃப்ரேம் இரண்டையும் இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால், சில திருப்பங்கள் இங்கேயே தெரிந்துவிடும்.

முதலில், ஆரம்பக் கதை ஏன் மெலிந்து கிடக்கிறது? ஒரு ஆன்லைன் விளையாட்டு வெளிவரும்போது பணமும் ஆள்பலமும் சர்வருக்கும், சண்டை முறைக்கும், வரைபடத்துக்கும் போய்விடுகின்றன. அடுத்த வருடம் இந்த விளையாட்டு உயிரோடு இருக்குமா என்பதே யாருக்கும் தெரியாது. எந்தக் கதாபாத்திரத்தை ஆட்டக்காரர்கள் நேசிப்பார்கள், யாரைக் கண்டாலே வேகமாகத் தாண்டிப் போவார்கள் என்பதும் எழுத்தாளருக்குத் தெரியாது. அதனால் யாருக்கும் பொருந்துகிற ஒரு நாயகன், கறுப்பு அங்கி போட்ட ஒரு வில்லன், பத்து ஓநாயைக் கொன்றுவிட்டு வா என்று சொல்லும் ஒரு ஊர்த்தலைவர். இவ்வளவுதான் கதை.

வருடங்கள் போகப் போகக் கருவிகள் மேம்படுகின்றன. இதற்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நல்ல உதாரணம். 2004-இல் அது வந்தபோது ஒரு குவெஸ்ட், அதாவது ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பணி, என்றால் பெட்டிக்குள் சில வரி எழுத்து, அவ்வளவுதான். நீங்கள் ஒரு கிராமத்தை அழிவிலிருந்து காப்பாற்றினாலும், அடுத்து வருகிற ஆட்டக்காரர் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அது அழிவின் விளிம்பிலேயே நிற்கும். உலகம் எல்லோருக்கும் பொதுவானது, மாற முடியாது. 2008-இல் வந்த ராத் ஆஃப் தி லிச் கிங் விரிவாக்கத்தில், அதாவது பழைய விளையாட்டோடு சேர்க்கப்படும் பெரிய புதிய பகுதியில், ஃபேஸிங் என்ற நுட்பம் பெரிய அளவில் வந்தது. ஒரே இடம், நீங்கள் கதையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கண்ணுக்கு ஒரு மாதிரியும் என் கண்ணுக்கு வேறு மாதிரியும் தெரியும். டெத் நைட் பாத்திரத்தின் தொடக்கப் பகுதியில், நீங்கள் சிதைத்த ஊர் சிதைந்தே கிடக்கிறது. செய்ததற்கு விளைவு உண்டு என்று ஒரு ஆன்லைன் உலகம் காட்ட முடிந்தபோது, எழுதுகிற விதமும் மாறியது.

சரி, கருவி மேம்படுகிறது, பட்ஜெட் கூடுகிறது, எழுத்தாளருக்குக் கை படிகிறது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை மட்டுமே காரணம் என்றால், புதிதாக வரும் ஒரு பெரிய பட்ஜெட் விளையாட்டு முதல் நாளிலேயே அந்த ஆழத்தைத் தொட்டுவிட வேண்டும். அது நடப்பதில்லை. நீண்ட காலம் ஓடும் விளையாட்டுக்கு மட்டுமே கிடைக்கிற ஒன்று இருக்கிறது, அதன் சொந்தப் பழைய கதை. குறையோடும் அவசரத்தோடும் எழுதப்பட்ட அந்தப் பழைய அத்தியாயங்களைத் திரும்பப் படித்து, அவற்றையே மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும் விளையாட்டுகளில்தான் கதை நிஜமாகவே உயர்கிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐப் பாருங்கள். 2010 செப்டம்பரில் ஸ்கொயர் எனிக்ஸ் அதை வெளியிட்டது, படுதோல்வி. அந்த வருட இறுதியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பொறுப்பை நவோகி யோஷிடாவிடம் கொடுத்தது. அவர் எடுத்த முடிவு, விளையாட்டைத் திருத்துவதோடு நிற்காமல் புதிதாகவே கட்டுவது. அதுவரை பழையது ஓடிக்கொண்டிருந்தது. பழைய உலகத்தின் வானத்தில் ஒரு சிவப்பு நிலவு மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பரில் சர்வர்களை மூடிய நாளில் அந்த நிலவு உடைந்தது, உள்ளேயிருந்து பஹாமுட் என்ற மாபெரும் டிராகன் வெளியே வந்து நாட்டையே எரித்தது. 2013 ஆகஸ்டில் வந்த புதிய விளையாட்டு, அந்தப் பேரழிவுக்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. அன்று போராடிய வீரர்களை ஊர்மக்களுக்கு நினைவிருக்கிறது, முகம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு நிறுவனத்தின் தோல்வி அந்த உலகத்தின் வரலாறாகிவிட்டது.

அதோடு கதை உடனே மேலேறிவிடவில்லை. 2013-இன் கதையில் இழுவை நிறைய. டைட்டன் என்ற பெரும் சக்தியோடு மோதப் போகிறோம், அதற்கு முன்னால் ஒரு விருந்துக்கு ஒயினும் சீஸும் இறைச்சியும் தேடி அலைகிறோம். இன்றுவரை ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் பகுதி அது. உலகைக் காப்பாற்றும் நாயகன் எல்லோருக்கும் எடுபிடி.

2015-இல் ஹெவன்ஸ்வர்ட் விரிவாக்கம் வந்தது. அதில் டார்க் நைட் என்ற போர்வீரர் வகைக்கான கிளைக்கதையை எழுதியவர் நட்சுகோ இஷிகாவா. முக்கியக் கதைக்கு வெளியே, ஒரு ஓரத்தில் இருக்கும் கதை. அதில் ஃப்ரே என்று ஒருவர் நமக்கு வித்தை கற்றுத்தருகிறார். போகப் போக அவர் பேச்சில் கோபம் ஏறுகிறது. கண்டவரெல்லாம் உன்னை ஏவுகிறார்கள், நீயும் ஓடுகிறாய், உனக்கென்று யாராவது ஏதாவது செய்தார்களா என்கிற கோபம். கடைசியில் தெரிய வருகிறது, ஃப்ரேவாகப் பேசியது நம் நாயகனின் மனதுக்குள் அடங்கிக் கிடந்த குரல். 2013-இல் ஆட்டக்காரர்கள் சலித்துக்கொண்டே செய்த அத்தனை எடுபிடி வேலைகளும் அந்த இடத்தில் ஒரு மனிதனின் காயமாக மாறுகின்றன. முன்னால் எழுதியது எதையும் அழிக்கவில்லை, ஒரு வரிகூட மாற்றவில்லை. அந்தச் சலிப்பை அனுபவித்தவருக்குத்தான் இந்தக் கதை முழுதாகப் புரியும். இப்படி ஒரு வித்தையை முதல் நாளிலேயே யாராலும் செய்ய முடியாது.

அதே ஹெவன்ஸ்வர்டில் ஓர்ஷஃபான் என்ற வீரனின் சாவு வருகிறது. 2013-இல் அவன் ஒரு சின்னப் பாத்திரம். பனிப்பிரதேசத்தில் ஒரு காவல் முகாமின் தலைவன், போக்கிடமில்லாமல் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவன். நாயகனை நோக்கி வரும் ஒளி ஈட்டியைத் தன் கேடயத்தில் வாங்கி அவன் விழும்போது, அந்தக் காட்சி மட்டும் நம்மை உலுக்குவதில்லை. எத்தனையோ மாலைகளில் விளையாட்டைத் திறந்தபோதெல்லாம் அந்த முகாமில் நின்று வரவேற்ற ஒருவன் போகிறான். திரைப்படத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. இங்கே காலமே எழுத்தாளரின் கையில் இருக்கிறது.

அப்புறம் 2019. ஷேடோபிரிங்கர்ஸ். இஷிகாவா இப்போது முக்கியக் கதையின் எழுத்தாளர். 2013-இல் நாம் பார்த்த வில்லன்கள், கறுப்பு அங்கியும் முகமூடியும் அணிந்த அசியன்கள். இருட்டில் நின்று பேசுவார்கள், சதி செய்வார்கள், ஏன் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. உண்மையைச் சொன்னால், அன்று எழுதப்பட்டதில் அந்தப் பதிலின் தடயம் மிகக் குறைவு. ஷேடோபிரிங்கர்ஸ் அந்த ஓட்டையை எடுத்துக்கொண்டு அதற்குள் ஒரு முழு நாகரிகத்தை வைக்கிறது. எமெட்-செல்க் என்ற அசியன் நம்மோடு கூடவே நடந்து, கிண்டலாகப் பேசி, கடைசியில் தன் தொலைந்த நகரத்தைக் கடலடியில் நிழலாக எழுப்பிக் காட்டுகிறான். தன் மக்களை, தன் நண்பர்களை, தன் உலகத்தையே இழந்தவன். அதைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் நம் உலகத்தை அழிக்கிறான். சண்டையில் நாம் ஜெயிக்கிறோம். தானும் தன் மக்களும் வாழ்ந்ததை மறந்துவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகிறான். வில்லனை நல்லவனாக்கும் சுலபமான வேலையை இந்தக் கதை செய்வதில்லை, அவன் செய்த கொலைகள் கொலைகளாகவே நிற்கின்றன. வீடியோ கேம்களில் எழுதப்பட்ட மிகச் சிறந்த எதிர்நாயகன் இவன்தான் என்பது என் உறுதியான கருத்து. அவன் நின்றது 2013-இல் யாரோ அவசரத்தில் விட்டுவைத்த ஒரு வெற்றிடத்தின்மேல்.

வார்ஃப்ரேமில் நடந்தது இன்னும் விசித்திரம். கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் நிறுவனம் 2013-இல் தொடங்கிய விளையாட்டு இது. வார்ஃப்ரேம் என்று அழைக்கப்படும் கவசம் போன்ற உடல்கள், வாளும் துப்பாக்கியும், லோட்டஸ் என்ற பெண் குரலின் கட்டளைகள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாயகன் பேசுவதில்லை. ஒரு வார்ஃப்ரேமைக் கழற்றிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம், அதை யாரும் விளக்குவதில்லை. விளையாட்டுதானே, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். 2015 டிசம்பரில் செகண்ட் ட்ரீம் என்ற குவெஸ்ட் வந்தது. அதன் முடிவில், இத்தனை காலம் நாம் 'நான்' என்று நினைத்த அந்த உடல் நாமில்லை என்று தெரிகிறது. மறைக்கப்பட்ட நிலவில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு இளம்வயதுப் பிள்ளை, தூரத்திலிருந்து அந்த உடல்களை இயக்கிக்கொண்டிருந்தது. ஏன் உடலை மாற்ற முடிந்தது, ஏன் அது பேசவில்லை, ஏன் லோட்டஸ் ஒரு தாயைப் போலப் பேசினாள், எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் விடை. இரண்டரை வருடம் ஆட்டத்தின் விதி என்று ஏற்றுக்கொண்டதெல்லாம் கதையின் தடயமாக மாறிப்போனது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய கதையைத் தூக்கியெறிந்த விளையாட்டுகளும் இருக்கின்றன, அவை பட்ட பாடு எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிறது. கில்ட் வார்ஸ் 2 விளையாட்டு, 2013-இலும் 2014-இலும் லிவிங் வேர்ல்ட் என்ற கதைத்தொடரின் முதல் பருவத்தை நடத்தியபோது, நிகழ்வுகள் வந்து போய்விடும். லயன்ஸ் ஆர்ச் என்ற பெரிய நகரம் அழிந்ததை அன்று விளையாடியவர்கள் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் இடிபாடுகளுக்குள் நடந்து, கூட இருக்கும் கதாபாத்திரங்கள் எதற்காக இப்படிச் சோகமாகப் பேசுகிறார்கள் என்று முழித்தார்கள். அந்தப் பருவம் முழுதாகத் திரும்பி வர 2022 ஆனது. டெஸ்டினி 2-இல் 2017-இன் ரெட் வார் கதையை 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்து நீக்கியே விட்டார்கள். விளையாட்டின் அளவு தாங்க முடியாமல் போனதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தன, அதை மறுக்கவில்லை. 2022-இல் வந்த விட்ச் குவீன் விரிவாக்கம் அந்தத் தொடரின் மிக நல்ல கதைகளில் ஒன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது நடுப்பக்கங்கள் கிழிந்த தொடர்கதை.

உயர்வு எப்போதும் நேர்க்கோட்டில் போவதுமில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 14, 2021-இன் எண்ட்வாக்கர் விரிவாக்கத்தோடு தன் நீண்ட கதையை முடித்துக்கொண்டது. அப்போது வந்த கூட்டத்தைச் சர்வர் தாங்காமல் விற்பனையையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். 2024-இல் டான்ட்ரெயில் புதிய கதையைத் தொடங்கியது. வரவேற்பு கலவையாக இருந்தது. எழுத்தின் தரம் குறைந்துவிட்டது என்றார்கள் பலர். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. சேர்த்து வைத்த மனிதர்களும், பாக்கி வைத்த கேள்விகளும் எண்ட்வாக்கரில் தீர்ந்துவிட்டன. புதிய நிலம், புதிய முகங்கள். மறுபடியும் 2013-இன் நிலைமைதான், எதிர்பார்ப்பு மட்டும் 2021-இன் எதிர்பார்ப்பு. இன்று டான்ட்ரெயிலில் சப்பென்று தோன்றும் ஒரு பாத்திரம் இரண்டு விரிவாக்கங்கள் கழித்து என்னவாக ஆகும் என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

கடைசியாக, புதிதாகத் தொடங்க நினைக்கும் நேயர்களுக்கு. 2020 ஆகஸ்டில் வந்த பேட்ச் 5.3 என்ற புதுப்பிப்பில் ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் ஆரம்பக் கதையில் கணிசமான குவெஸ்டுகளை வெட்டிச் சுருக்கினார்கள். சரியான முடிவு. அங்கும் இங்கும் ஓடவைக்கும் நடையைக் குறைக்கலாம், அதில் இழப்பு இல்லை. ஆனால் பழைய கதையை ஒரேயடியாகத் தாண்டிப் போகிற ஸ்கிப் வசதியும் காசுக்குக் கிடைக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை விளையாடி, இன்னொரு பாத்திரத்தை உருவாக்குகிறவர்களுக்கு அது சரி. முதல் முறை வருகிறவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். சலிப்பாக இருக்கும் நாட்களில் அன்றைக்கு ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் திரும்பி வாருங்கள். அந்த விருந்துக்கு ஒயின் தேடி அலையுங்கள். பனி முகாமில் ஓர்ஷஃபானோடு கொஞ்சம் பேசிவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.